லிட்டருக்கு இருபத்தெட்டு

அத்தியாயம் 4

கார் காணாமல் போய்விட்டது என்று எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பொதுவாகக் காரைப் பறிகொடுத்தவர்களாக இருப்பார்கள். அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு வந்தவரோ, காரைத் திருடியவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

உட்காரச் சொன்னோம். உடனே உட்காரவில்லை. நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டினார். அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். குனிந்து அடியில் பார்த்தார்.

“ஒரு கால் குட்டை. பழைய அடி ஒண்ணு வாங்கியிருக்கு. மேல பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க,” என்றார்.

“நாங்க இதை விக்கறதா இல்லீங்க. உக்காருங்க,” என்றேன்.

என் பெயர் வக்கணை. பெற்றவர்கள் வைத்தது வேறு. என் வாயைத் தாங்கமுடியாமல் மேடம் வைத்தது இது. மேடத்துக்குக் கார் ஓட்டுவது, ஃபைல் தூக்குவது, அவர் பேசாமல் இருக்கும் நேரங்களில் அந்தக் குறையைத் தீர்ப்பது ஆகியவை என் வேலைகள். மேடம் இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். விபத்தில் அடிபட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு அசல் விபத்தே அவர் மேஜைக்கு எதிரில்தான் நடந்தது. அங்கிருந்து ஓய்வு பெற்றதும் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்துவிட்டார். ஊரில் பொய் சொல்கிறவர்களுக்கு ஓய்வு கிடையாது அல்லவா?

வந்தவரின் வேலை, புதுக் கார் விற்கும் ஒரு ஷோரூமில் பழைய கார்களை எடை போடுவது. ஒரு குடும்பம் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு மாடல் எடுக்க வந்தால், அந்தப் பழைய வண்டியைச் சுற்றிவந்து குறை சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக அதையே செய்து வந்ததில் பழைய கார்களை நிறுத்தும் யார்டில் அவருக்கு நொட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாராம். அங்கே காரணம் வேறாக இருக்கலாம்.

“முந்தாநாள் ஒரு ஃபேமிலி வந்தாங்க, மேடம். பதினாலு வருஷத்து வெள்ளைக் கார். அதைக் கொடுத்துட்டு உயரமா, புதுசா ஒண்ணு எடுத்துட்டுப் போனாங்க. பழசு யார்டுல நின்னுச்சு. நேத்து மத்தியானம் பார்த்தா வண்டியைக் காணோம். கேட்ல கொடுத்த பாஸ்ல என் கையெழுத்து இருக்கு.”

“நீங்க போட்டதா?” என்றார் மேடம்.

“நான் போட்டதுதான். ஒரு வண்டி வெளிய போகணும்னா நான் கையெழுத்துப் போட்ட பாஸ் வேணும். ஒவ்வொரு தடவையும் யார் நடக்கறது? வண்டி உள்ள வந்ததுமே ஒரு பாஸ் எழுதி, முன்னாடி வெயில் தடுப்புல சொருகிடுவேன். பத்து வருஷமா இதான் பழக்கம்.”

“தேதி?”

“தேதி போடறதில்ல. மறுநாளும் உபயோகப்படுமே.”

மேடம் கண்ணை மூடித் திறந்தார். வேறு யாராவது இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

“கேட் காவலாளி என்ன சொல்றாரு?” என்று நான் கேட்டேன்.

“திருடன் மாதிரி யாரும் போகலைங்கறாரு.”

“நல்ல வேளை. கேமரா?”

“நாலு இருக்கு. வயர்தான் இல்ல. பார்த்தா பயப்படுவாங்கன்னு மேனேஜர் மாட்டி வச்சாரு.”

மேனேஜர் மாலை ஐந்து மணி வரை கெடு கொடுத்திருந்தார். அதற்குள் கார் திரும்பி வராவிட்டால் நொட்டை மேல் போலீஸில் புகார். அதைச் சொல்லும்போது நாற்காலியின் குட்டைக் கால் ஆடியதைக்கூட நொட்டை கவனிக்கவில்லை. “ஒரு தடவை திருட்டுன்னு எழுதிட்டா எந்த யார்டுலயும் என்னை வாசப்படி ஏத்த மாட்டாங்க, மேடம். எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அடுத்தவங்க பொருள்ல குறை கண்டுபிடிக்கறதுதான்.”

“கல்யாணத் தரகு பண்ணலாமே?” என்றேன். மேடம் பார்த்த பார்வையில் ஃபைலை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

“சாவி?”

“வந்த ஒரு சாவி ஆபீஸ் பெட்டியிலேயே இருக்கு. ரெண்டாவது சாவி ரொம்ப நாள் முன்னாடியே தொலைஞ்சு போச்சுன்னு அந்த வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தாரு. இன்னொண்ணு மேடம், அந்த வண்டியை நான் திருடியிருக்கவே முடியாது. எனக்கு அதை ஸ்டார்ட் பண்ண வரல. மூணு மெக்கானிக் பார்த்தாச்சு, ஒருத்தனுக்கும் வரல. தள்ளிக்கிட்டுப் போய்த்தான் ஓரமா நிறுத்தினோம். அந்த வீட்டுக்காரப் பெரியவர் மட்டும் உக்கார்ந்தா உடனே கிளம்புது. என்னைச் சாவியைத் தொடவே விடல. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்.”

“அவர் பொய் சொல்ற ஆளா?”

“சேச்சே. கீறல் எங்கெங்க இருக்குன்னு அவரே காட்டினாரு. ஒரே ஒரு புளுகுதான். லிட்டருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் கொடுக்கும்னாரு.”

“நிஜத்துல?”

“அந்த மாடல் பதினாலு கொடுக்கும். மலை மேலேருந்து உருட்டிவிட்டா பதினஞ்சு.”

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “புளுகறவங்க பதினெட்டுன்னு சொல்லுவாங்க. மிஞ்சிப் போனா இருபது. சரியா ரெண்டு மடங்கை யாரும் சொல்ல மாட்டாங்க. வக்கணை, வண்டியை எடு.”

*

அந்த வீட்டு வாசலில் புதுக் கார் நின்றது. வாங்கி இரண்டு நாளாகியும் சீட்டின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்கவில்லை. பெரியவர் அதைப் பார்க்க மனமில்லாதவராக அதற்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் அவருக்கு மைலேஜ் சார் என்று பெயராம். எதிர்வீட்டில் வழி கேட்டபோது அப்படித்தான் சொன்னார்கள், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

“திருடு போச்சா?” மைலேஜ் சார் எழுந்தே விட்டார். “என்னைக் கேக்காம கொடுத்தா இப்படித்தான்! பதினாலு வருஷம் என் கையில இருந்துச்சு, ஒரு நாள் வழியில நின்னதில்ல. இவங்ககிட்ட ஒரு நாள் கொடுத்தேன்.”

“கொடுக்க வச்சது நான்தான்,” என்றான் மகன். கம்ப்யூட்டர் வேலை. ஒரு கையில் போன், இன்னொரு கையிலும் போன். “அப்பாவுக்கு விக்கவே மனசில்ல. கொடுத்துட்டு வந்து ராத்திரி சாப்பிடல.”

நான் மேடத்தைப் பார்த்து ஒற்றைப் புருவத்தைத் தூக்கினேன். வண்டியைப் பிரிய முடியாத பாசம், தொலைந்து போனதாகச் சொல்லப்படும் இரண்டாவது சாவி, கிளப்பத் தெரிந்த ஒரே ஆள். கேஸ் முடிந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகலாம் என்பது அந்தப் புருவத்தின் பொருள்.

“நேத்து மத்தியானம் எங்க இருந்தீங்க?” என்று மேடம் கேட்டார்.

“கண் டாக்டர்கிட்ட. கண்ணுல மருந்து ஊத்தி மூணு மணி நேரம் உக்கார வச்சுட்டாங்க. பையன் கூடவே இருந்தான்.”

புருவத்தை இறக்கிக்கொண்டேன்.

“அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ண ஏதோ வித்தை இருக்காமே?”

அவர் முகம் மலர்ந்தது. நாற்காலியிலேயே உட்கார்ந்து காட்டினார். “சாவியை முக்கால்வாசி திருப்பணும். மூணு எண்ணணும். எண்ணி முடிச்சதும் ஸ்டீயரிங்குக்கு அடியில முழங்காலால ஒரே இடி. அவ்வளவுதான். பையனுக்குக்கூட வராது. அவன் பைக்கைத் தவிர எதையும் தொடமாட்டான்.”

“வீட்ல அம்மா?”

“அவளா?” மைலேஜ் சார் வாய்விட்டுச் சிரித்தார். “அவளுக்கு ஹாரன் எங்க இருக்குன்னே தெரியாது. முப்பது வருஷமா பக்கத்து சீட்டுல உக்கார்ந்து வர்றா, தூங்குறதைத் தவிர வேற ஒண்ணும் பண்ணதில்ல.”

அந்த அம்மாள் அப்போதுதான் தட்டில் தண்ணீர் டம்ளர்களோடு வந்தார். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி. சிரிப்புமில்லை, கோபமுமில்லை. டம்ளர்களை வைத்துவிட்டுப் போனார்.

“இருபத்தெட்டு கொடுக்கும்னு சொன்னீங்களாமே?” என்றார் மேடம்.

அவ்வளவுதான். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வெளியே வந்தது. ஒவ்வொரு தடவை டேங்க்கை நிரப்பும்போதும் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனை லிட்டர் போட்டார் என்று பதினாலு வருடமாகக் குறித்து வைத்திருக்கிறார். “பாருங்க. முதல்ல எல்லாம் பதினாலுதான். ரெண்டு வருஷமா இருபத்தெட்டு. ஏன்? நான் பிரேக்ல காலை வைக்கற விதம். இதைத் தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிப் பார்த்துட்டேன், ஒருத்தனும் திருந்தல.”

“இந்தப் புதுவண்டியில அதெல்லாம் எழுதவே வேண்டாம்ப்பா,” என்று மகன் இடது கைப் போனை நீட்டினான். “எல்லாம் இதுலயே வந்துடும். வண்டி ஒரு அடி அசைஞ்சாலும் என் போன் கத்தும். எங்க போகுது, எவ்வளவு நேரம் நிக்குது, எல்லாம் மேப்ல காட்டும். யாரும் நமக்குத் தெரியாம எடுக்கவே முடியாது.”

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

“அவளுக்கு எதுவும் கையில நிக்காது,” என்றார் மைலேஜ் சார்.

மேடம் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டார். கேட்டவர் காத்திருக்காமல் தானே எழுந்து உள்ளே போனார். எந்த வீட்டுக்குப் போனாலும் அவருக்குத் தாகம் எடுக்கும். சாப்பாட்டு மேஜையருகில் நின்று, அங்கிருந்தே எங்களோடு பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னார். “பாவம், அந்த யார்டு ஆள். பதினோரு வருஷ வேலை. அஞ்சு மணிக்குள்ள கார் வரலைன்னா போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடுவாங்களாம்.”

“இன்னைக்கு அஞ்சு மணிக்கா?” என்றது அந்த அம்மாளின் குரல்.

“இன்னைக்குத்தாம்மா.”

கிளம்பும்போது அந்த அம்மாள் கேட் வரை வந்தார். “இடது பக்கம் போகாதீங்க. முக்குல குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்காங்க, மாட்டிக்குவீங்க.”

“வீட்டை விட்டே வெளிய போகாதவ வழி சொல்றா பாரு!” என்று மைலேஜ் சார் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “இடதுதான் குறுக்கு வழி, தாராளமா போங்க!”

மேடம் என்னைப் பார்த்துக்கொண்டே காரில் ஏறினார். நான் அனுபவசாலியின் பேச்சைக் கேட்டு இடது பக்கம் போனேன். முக்கில் ஆளுயரத்துக்குப் பள்ளம். முன்னால் ஒரு லாரி, பின்னால் இரண்டு வேன். பதினைந்து நிமிடம் அங்கே கிடந்து வெந்தோம்.

*

“மகன்தான்,” என்றேன் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே. “யாரோ ஒரு பொண்ணு. ரகசியமா...”

“அவனுக்குத்தான் ஸ்டார்ட் பண்ணவே வராதே. கூடவே நேத்து அப்பாவோட ஆஸ்பத்திரியில இருந்திருக்கான்.”

“காதல்னு வந்தா எல்லாம் வரும், மேடம்.”

“உனக்கு வண்டி ஓட்டறதே இன்னும் சரியா வரல.” மேடம் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மைலேஜ் சார் பெருமையோடு கொடுத்திருந்தார். “கவனி. இதுல எழுதியிருக்கற கிலோமீட்டர் நிஜம், வண்டி காட்டினதைத்தான் எழுதறாரு. போட்ட பெட்ரோலும் நிஜம். ரெண்டும் நிஜமா இருந்தும் இருபத்தெட்டு வருதுன்னா என்ன அர்த்தம்?”

“அதிசயம்.”

“அவர் போடாத பெட்ரோலும் அந்த வண்டியில ஓடியிருக்கு. அவர் ஓட்டற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இன்னொருத்தர் ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருக்காங்க. ஓட்டின அளவுக்குப் பெட்ரோல் போட்டு, முள்ளைப் பழைய இடத்துலயே கொண்டு வந்து நிறுத்தி, அதே வாசல்ல விட்டிருக்காங்க. ரெண்டு வருஷமா.”

யோசித்துப் பார்த்தேன். இந்தத் தொழிலில் பலவிதமான திருடர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் போட்டு வைத்துவிட்டுப் போகிற திருடனைக் கேள்விப்பட்டதே இல்லை. அப்படி ஒருவன் இருந்தால் என் சாவியை வாசலிலேயே மாட்டி வைத்துவிடுவேன்.

“அந்தப் பெட்ரோலை எங்க போட்டிருப்பாங்க?” என்று மேடமே கேட்டு மேடமே பதிலும் சொன்னார். “இவர் போடற பங்க்குல போட்டா இவர் காதுக்கு வந்துடும். வீட்டுக்குக் கிட்டவும் இருக்கணும், இவர் போகாத பக்கமாவும் இருக்கணும். இவருக்கு எப்பவும் இடதுதான். வண்டியைத் திருப்பி, அவங்க வீட்டுக்கு வலது பக்கம் போ.”

வலது பக்கம் ஒரு கிலோமீட்டரில் ஒரு பழைய பங்க் இருந்தது. இரண்டு பம்ப், காற்றடிக்கும் மூலை ஒன்று, அதற்குப் பின்னால் கார் கழுவும் கொட்டகை. பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த அக்கா தலையில் துணி கட்டியிருந்தார். வெள்ளைக் கார் என்று மேடம் ஆரம்பித்ததுமே அவர் கண் கொட்டகைப் பக்கம் ஒரு தரம் போய்த் திரும்பியது. எனக்கு அது போதும். போய்ப் பார்த்தேன். கித்தானை விலக்கினால் உள்ளே வெள்ளையாக, கழுவித் துடைத்து, பதினாலு வயதுக்குப் பார்க்கத் தேவலையாக நின்றது காணாமல் போன கார்.

“யாரு அக்கா கொண்டு வந்து விட்டது?”

“எனக்குத் தெரியாது.”

“இது திருட்டு வண்டி. போலீஸ் வரும்.”

“வரட்டும். டீ வாங்கித் தர்றேன்.” அக்கா குழாயை மாட்டிவிட்டு இடுப்பில் கை வைத்தார். “ரெண்டு வருஷமா வர்றவங்க. ஒரு நாள் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசினதில்ல. ரெண்டு நாள் நிக்கட்டும்னு கேட்டாங்க, நிக்க விட்டேன். இன்னைக்கு மூணு மணிக்கு வருவாங்க. ஆளைத் தெரியணும்னா நீங்களே இருந்து பாருங்க, நான் காட்டிக் கொடுக்க மாட்டேன்.”

போலீஸ் என்ற சொல்லுக்கே அசையாத பெண்மணியிடம் என் முறைப்பு என்ன செய்துவிடும்? கொட்டகைக்குப் பக்கத்தில் பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மூன்று மணிக்குக் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக ஒருவன் பைக்கில் வந்தான். நான் பாயத் தயாரானேன். அவன் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மூன்று மணி ஐந்து நிமிடம். நடந்து வந்தது ஒரு குள்ளமான உருவம். தடித்த கண்ணாடி, தோளில் துணிப்பை. பைக்குள்ளிருந்து ஒரு சதுரக் குஷனின் மூலை எட்டிப் பார்த்தது.

நான் திறந்த வாய் மூடவில்லை. வாயை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இது பெரிய இழப்பு.

அந்த அம்மாள் எங்களைப் பார்த்தார். ஓடவில்லை. “நீங்க கண்டுபிடிச்சுடுவீங்கன்னு தண்ணி கேட்டு உள்ள வந்தப்பவே தெரியும்,” என்று மேடத்திடம் சொன்னார்.

“உங்க சாப்பாட்டு மேஜையில நாலு நாற்காலி, மூணு குஷன்,” என்றார் மேடம். “உங்க உயரத்துக்குக் குஷன் இல்லாம முழங்கால் ஸ்டீயரிங்குக்கு எட்டாது. வீட்டை விட்டுப் போகாதவங்களுக்குத் தெருமுனைப் பள்ளம் தெரியாது.”

“தெரிஞ்சுமா மேடம் என்னை இடது பக்கம் விட்டீங்க?” என்றேன்.

“நீ யார் பேச்சைக் கேப்பேன்னு பார்த்தேன்.”

அந்த அம்மாள் காரின் மேல் கை வைத்துக்கொண்டு பேசினார். கணவர் தினமும் இரண்டரைக்குப் படுத்தால் நாலரைக்குத்தான் எழுந்திருப்பார். மகன் ஆபீஸில். தொலைந்ததாகச் சொல்லப்பட்ட சாவி, சமையலறையில் பருப்பு டப்பாவுக்கு அடியில். அந்த வீட்டு ஆண்கள் கை வைக்காத இடம் அது ஒன்றுதான்.

“அந்த ரெண்டு மணி நேரம்தான் எனக்குன்னு இருந்துச்சு,” என்றார். “புது வண்டியில அந்தப் போன் சமாச்சாரம் தெரிஞ்சதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு புரிஞ்சுபோச்சு. வேண்டாம்னு எந்த வாயால சொல்றது? கொடுக்கற அன்னைக்கு நானும் கூடப் போனேன். அந்த ஆள் பாஸ் எழுதிச் சொருகினதைப் பார்த்தேன். கடைசியா ரெண்டு நாள் ஓட்டிட்டு, போன மாதிரியே கொண்டுபோய் விட்டுடலாம்னு நினைச்சேன். கேட்ல அந்தக் காவலாளி எனக்கு சல்யூட் அடிச்சாரு.”

“திருடன் மாதிரி யாரும் போகலைன்னாரே,” என்றேன்.

“அந்த ஆளுக்கு வேலை போகும்னு சத்தியமா தெரியாதும்மா. நீங்க சொன்னதுலேருந்து ஒரு வாய் இறங்கல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யாருக்கும் தெரியாம பின்வாசல்ல போய் விட்டுட்டு வந்துடலாம்னா, அப்பவும் திருடினது அவர்னுதானே சொல்லுவாங்க?”

“ஆமா,” என்றார் மேடம். “எல்லாரும் பார்க்க நீங்களே ஓட்டிட்டு வந்தாத்தான் அவர் தப்பிப்பாரு.”

“எங்க வீட்டுக்காரரும் பார்க்கவா?”

“அவரும் பார்க்க.”

அந்த அம்மாள் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு குஷனை எடுத்து டிரைவர் சீட்டில் போட்டுத் தட்டிச் சரி செய்தார்.

*

நாலே முக்கால். யார்டு.

நான் எங்கள் காரில் முன்னாலேயே வந்துவிட்டேன். மேனேஜர் கழுத்து டையை இறுக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நொட்டை சுவரோரமாக நின்றார், பாவம், பக்கத்திலிருந்த காரின் டயரைக்கூட உதைத்துப் பார்க்கத் தோன்றாமல். மேடம் போன் செய்து வரவழைத்ததால் மைலேஜ் சாரும் மகனும் புதுக் காரில் வந்து இறங்கியிருந்தார்கள்.

வெள்ளைக் கார் கேட்டுக்குள் நுழைந்தது. முன்சீட்டில் மேடம். ஓட்டுகிறவர் தலை வெளியிலிருந்து சரியாகத் தெரியவில்லை. இரண்டு புதுக் கார்களுக்கு நடுவே பைக்கே யோசிக்கும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. கார் நின்றது, பின்னால் போனது, ஒரே திருப்பில் உள்ளே போய் அடங்கியது. வேலையில்லாமல் ஓரமாக நின்ற மெக்கானிக் ஒருவர் தன்னையறியாமல் கைதட்டிவிட்டார்.

அந்த அம்மாள் இறங்கினார், கையில் குஷனோடு.

மைலேஜ் சார் ஓடிவந்து காருக்குள் எட்டிப் பார்த்தார். பின்சீட்டையும் பார்த்தார். “டிரைவர் எங்கடி?”

“நான்தாங்க.”

“விளையாடாதே.”

“ரெண்டு வருஷமா ஓட்டறேங்க. லைசென்ஸ் இருக்கு. நாப்பது நாள் கிளாஸுக்குப் போனேன்.”

“நாப்பது நாளா? என்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனே?”

“காய்கறி வாங்கப் போறேன்னு.”

“காய்கறி இல்லாமத்தானே வந்திருப்பே?”

“நீங்க பார்க்கலையே.”

நான் எவ்வளவோ அடக்கியும் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக்கினேன். அந்த அம்மாள் நேராக நொட்டையிடம் போனார். “என்னால உங்களுக்குக் கெட்ட பேரு. மன்னிச்சுடுங்க தம்பி.” நொட்டை தலையை ஆட்டினார். பக்கத்திலிருந்த காரின் டயரை லேசாக உதைத்துப் பார்த்தார், கண் நிறைந்துவிட்டது.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். “அது எப்படிங்க? யாரா இருந்தாலும் திருட்டு திருட்டுதானே?”

“பதிவு இன்னும் யார் பேர்ல இருக்கு?” என்றார் மேடம்.

“அது... இவர் பேர்லதான். மாத்த ஒரு வாரம் ஆகும்.”

“அப்போ வீட்டுக்காரர் வண்டியை வீட்டம்மா எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொண்டு வந்திருக்காங்க. புகார் எழுதறதா இருந்தா, நாலு கேமராவுக்கும் வயர் இல்லைங்கறதையும் சேர்த்து எழுதுங்க. உங்க முதலாளி படிக்கட்டும்.”

மேனேஜர் டையைத் தளர்த்தினார். நொட்டையிடம், நாளைக்கு வழக்கம்போல் வந்துவிடுமாறு சொல்லிவிட்டு உள்ளே போனார். ஏதோ அவசர வேலை. வயராக இருக்கலாம்.

மைலேஜ் சார் மட்டும் இன்னும் அதே இடத்தில் நின்றார். “ரெண்டு வருஷமா எங்கடி போவே?”

“சும்மா.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மாதாங்க. இந்த ரோடு எங்க போய் முடியுதுன்னு பார்ப்பேன். ஒரு டீ குடிப்பேன். திரும்பி வந்துடுவேன்.”

“யார்கூட?”

“யார்கூடயாவது போனா அது எப்படிங்க சும்மா போறதாகும்?”

  மைலேஜ் சார் முகம் மெல்ல வெளிறியது. மனைவி ஓட்டியது, பொய் சொன்னது, கார் களவு போனது எல்லாவற்றையும் தாண்டி, அசல் அடி இப்போதுதான் அவருக்கு உறைத்திருந்தது.

“அப்படின்னா... இருபத்தெட்டு?”

“பதினாலுதாங்க,” என்றார் அந்த அம்மாள், முடிந்தவரை மெதுவாக.

மைலேஜ் சார் பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். பிரேக்கில் கால் வைப்பது எப்படி என்று கிளாஸ் எடுத்திருந்தார். மேடம் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அதைத் திறக்காமலே மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் எல்லை உண்டு.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா சாவியை வாங்கி வச்சுக்குவீங்க.” அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினார். “அப்புறம், அந்த நம்பரைச் சொல்லும்போது உங்க முகத்தைப் பார்க்கணுமே. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல.”

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் வேறெங்கேயோ பார்த்தோம். பிறகு சட்டைப் பையிலிருந்து புதுக் காரின் சாவியை எடுத்து நீட்டினார்.

“அப்பா, அம்மாவுக்கு இந்த வண்டி பழக்கமில்ல...” என்று மகன் ஆரம்பித்தான்.

“அந்தப் பழைய வண்டியையே ஓட்டினவளுக்கு இது என்னடா?” என்றவர் மனைவி கையிலிருந்த குஷனை வாங்கிக்கொண்டார். “இது வேண்டாம். சீட்டுக்குப் பக்கத்துல ஒரு பட்டன் இருக்கு. அழுத்தினா தானா தூக்கும்.”

அந்த அம்மாள் தனியாக ஏறி உட்கார, புதுக் கார் நகர்ந்தது. கேட்டில் காவலாளி குறுக்கே கையை நீட்டினார். திருடு போன யார்டு, இனிமேல் விடுவாரா? நொட்டை ஓடிப்போய், அவர்களுடைய சொந்தக் காருக்கே ஒரு பாஸ் எழுதிக் கொடுத்தார். பத்து வருடத்தில் முதல் தடவையாகத் தேதியும் போட்டார். காவலாளி சல்யூட் அடித்தார். கார் வெளியே போய், வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் திரும்பியது.

மகனின் இரண்டு போனும் ஒரே சமயத்தில் கத்தின. வண்டி அசைகிறதாம். அவன் பரபரவென்று மேப்பைத் திறந்தான். “அம்மா எங்க போறாங்கப்பா? வீட்டுக்கும் போகலையே...”

மைலேஜ் சார் கையிலிருந்த குஷனை அந்தப் போனின் மேல் வைத்து அழுத்தினார்.

“விடுடா,” என்றார். “சும்மாதான் போறா.”